ஆண்டுக்கு மூன்று முறை வருபவருக்குக் கடவுச்சொல் எதற்கு?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் நகரில் எங்கள் கோயில் சங்கம் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு நான் பொறுப்பாசிரியை. பிள்ளைகள் சேர்க்கை, சந்தா, தைப்பூசக் காவடிப் பதிவு ஆகியவற்றுக்காகச் சென்ற ஆண்டு ஓர் இணையதளம் தொடங்கினோம். எங்களிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் பணம் வாங்காமல் செய்துகொடுத்தார். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, அதில் ஒரு கேப்பிட்டல் எழுத்தும் ஓர் எண்ணும் ஒரு குறியீடும் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி வைத்தோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு தொடங்குமுன் பாதிப் பெற்றோர் “டீச்சர், மறந்துபோச்சு” என்று என் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். தொல்லை தாங்காமல், நிர்வாகப் பக்கத்தில் தெரியும் எல்லோருடைய கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தலைவர், “ஆளுக்கொரு குறளைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்” என்கிறார். பொருளாளர், “பிறந்த தேதியை வைத்துவிடுவோம், மறந்தால் தாயாரின் பிறந்தவீட்டுப் பெயரைக் கேட்போம்” என்கிறார். மறக்காததாகவும் பாதுகாப்பாகவும் இருக்க வழி என்ன?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

கேள்வி என்று நீங்கள் கேட்டதைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நிர்வாகப் பக்கத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லும் தெரிகிறது என்கிறீர்கள். நோட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தப் பக்கத்தை.

ஒழுங்காகக் கட்டப்பட்ட தளத்துக்குத் தன் பயனரின் கடவுச்சொல் என்ன என்று தெரியவே கூடாது. அவர் பதிவு செய்யும் நேரத்தில் அந்தச் சொல்லை ஒரு கணக்கு வழியாக அரைத்து, அரைத்த மாவை மட்டும்தான் தளம் சேமித்து வைக்க வேண்டும். அடுத்த முறை அவர் சொல்லைத் தட்டும்போது அதையும் அதே போல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது என்பதால், திருடன் சேமிப்பையே அள்ளிக்கொண்டு போனாலும் ஒவ்வொரு சொல்லாக ஊகித்து அரைத்துப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. 1979இலேயே ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் இந்த அரைப்பில் ஆளுக்கு ஆள் வேறான ஒரு சிட்டிகை ‘உப்பு’ சேர்க்கும் முறையை விளக்கி எழுதிவிட்டார்கள். பெயர் வேடிக்கைக்காக நான் வைத்ததல்ல, துறையில் அதை அப்படித்தான் அழைக்கிறோம். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் உப்பு வேறென்பதால் மாவும் வேறாகிவிடும். இவ்வளவு பழைய பாடத்தைப் பெரிய நிறுவனங்களும் கோட்டைவிட்டிருக்கின்றன. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சுமார் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் அரைக்கப்படாமல் அப்படியே களவுபோயின. அவற்றில் ஏறக்குறைய 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர் ‘123456’ என்றே வைத்திருந்தார்கள்.

உங்கள் சிறிய சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், பெற்றோர் உங்களுக்கென்று தனிக் கடவுச்சொல் வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். மின்னஞ்சலுக்கு என்ன வைத்திருக்கிறார்களோ, வங்கிச் செயலிக்கு என்ன வைத்திருக்கிறார்களோ, அதையேதான் உங்களிடமும் கொடுத்திருப்பார்கள். ஆக, உங்கள் நோட்டில் இருப்பது தமிழ் வகுப்பின் சாவிகள் மட்டுமல்ல, பல வீடுகளின் சாவிகளும்தான். சட்டமும் இதைச் சங்கத்தின் பொறுப்பாகத்தான் பார்க்கிறது. நம் நாட்டில் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்களிடமுள்ள தனிநபர் விவரங்கள் கசிந்தால், அது தெரியவந்ததிலிருந்து முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். தளத்தைச் செய்துகொடுத்த தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் என்ற ஆயத்த அரைவை முறைகளில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அது அரை நாள் வேலை.

இனி உங்கள் விதிகளுக்கு வருகிறேன். அவற்றை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை; உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. 2004இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து இந்தக் கேப்பிட்டல், எண், குறியீடு, அவ்வப்போது மாற்றம் என்ற பழக்கம் அலுவலகம் அலுவலகமாகப் பரவியது. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017இல், தாம் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக ஒரு நாளிதழிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் அந்த விதிகளைக் கைவிடச் சொன்னது. 2025இல் வந்த திருத்தப் பதிப்போ, அப்படிக் கட்டாயப்படுத்தவே கூடாது என்று கறாராகச் சொல்கிறது. எபேனில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியை ஓர் அலுவலகத்துக்கு நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன். விளைவாக ஆட்கள் சொல்லை மாற்றவில்லை, வாலில் இருந்த எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். 2010இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்தது. ஒருவருடைய பழைய கடவுச்சொல் கையில் இருந்தால், 100க்கு 17 கணக்குகளில் புதியதை ஐந்துக்கும் குறைவான ஊகங்களில் கண்டுபிடிக்க முடிந்தது. மூன்று மாத விதியை இன்றே எடுத்துவிடுங்கள். கசிந்துவிட்டது என்ற ஐயம் வரும்போது மட்டும் மாற்றச் சொன்னால் போதும்.

மறதியைப் பற்றி எனக்கு ஒரு தனிப்பட்ட அபிப்பிராயம் உண்டு. உங்கள் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பலர் சொல்லை மறக்கவில்லை. அதை எப்படி எழுதினோம் என்பதைத்தான் மறந்திருக்கிறார்கள். முருகன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் ஒரு குடும்பம் அதை ஆங்கில முறையில் ‘யு’ போட்டு எழுதும். அடுத்த வீடு பிரெஞ்சு முறையில் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்த்து எழுதும். காவடிக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. நினைவில் பத்திரமாக இருப்பது ஓசை. இயந்திரமோ ஓசையைக் கேட்பதில்லை, எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இதில் முதல் எழுத்து கேப்பிட்டலா, எண் முன்னாலா பின்னாலா, ஆச்சரியக்குறியா கேள்விக்குறியா என்பவையும் சேர்ந்துகொண்டால், சொல்லை நன்றாக நினைவில் வைத்திருப்பவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ரோஸ் ஹில்லில் இருக்கும் என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் வேலை பார்க்கும் மகன் தன் பழைய மடிக்கணினியை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தான். அன்று மாலையே பெரியம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, நான் ஒன்றையும் மறக்கவில்லை, இந்தப் பெட்டிதான் என்னை மறந்துவிட்டது” என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். பேத்தியின் பெயரைத்தான் கடவுச்சொல்லாக வைத்திருந்தார். வைக்கக் கூடாத ஒன்று, அது வேறு கதை. விரல் பழகிய இடங்களில் நிதானமாகத் தட்டுகிறார், கட்டத்தில் கரும்புள்ளிகள் வரிசையாக விழுகின்றன, தவறு என்று வருகிறது. மீண்டும் தட்டுகிறார், மீண்டும் தவறு. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து அதையே தட்டச் சொன்னேன். ‘ஏ’ விழ வேண்டிய இடத்திலெல்லாம் ‘க்யூ’ விழுந்திருந்தது. அங்கே பிரெஞ்சு விசைப்பலகை, இங்கே அவர் பழகியது ஆங்கில விசைப்பலகை. ‘ஏ’யும் ‘க்யூ’வும் அவற்றில் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, ‘இஸட்’டும் ‘டபிள்யூ’வும் அப்படியே. தட்டுவது கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அவரே அதைக் கண்டுபிடித்திருப்பார். ஆகவே கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் வைத்து, அதைத் தொட்டால் தட்டியது தெரியும்படி செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பகுதி இதனாலேயே கலைந்துவிடும்.

தலைவரின் யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடவுச்சொல்லும் தமிழில் இருக்கட்டுமே என்ற ஆசை இயல்பானது. ஆனால் கணினிக்குள் தமிழ் எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ‘கொ’ என்பதைச் சில விசைப்பலகைகள் ககரத்தோடு ஒரே குறியாக இடும். வேறு சில ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாக இடும். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் அரைக்கும் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு. அரைப்பதற்கு முன், இப்படி இரண்டு விதமாக இட்டதை ஒரே விதமாக்கும் யூனிகோடு சீராக்கம் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். ‘ஔ’வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுகிறவர் விஷயத்தில் அந்தச் சீராக்கமும் உதவாது. ‘ஸ்ரீ’ என்பதையும் இரண்டு வெவ்வேறு மெய்களைக் கொண்டு எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. நம்மவர் பெயர்களிலும் கோயில் பெயர்களிலும் ‘ஸ்ரீ’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று இதைவிட விசித்திரமானது. மேலே சொன்ன பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்தும் இடைவெளியும் ஒவ்வொன்றும் ஒரு பைட்; தமிழில் உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட். முதற்குறளை இடைவெளிகளோடு எண்ணிப் பார்த்தேன். முதல் அடி முடியும்போது சரியாக 72 பைட் தீர்ந்துவிடுகிறது. அதாவது மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் மென்பொருளாக இருந்தால், இரண்டாம் அடியில் சமையல் குறிப்பையே எழுதினாலும் கதவு திறந்துகொள்ளும். ஆர்கான்2 முறையில் இந்தத் தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் குறளில் அடிப்படைக் குறை ஒன்று இருக்கிறது. மொத்தக் குறள் 1330தான். கடவுச்சொல்லின் வலு அது எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் இல்லை, எத்தனை வாய்ப்புகளிலிருந்து ஒன்றை எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. ‘இந்தச் சங்கத்தில் எல்லோரும் குறள்தான் வைத்திருக்கிறார்கள்’ என்ற செய்தி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவிவிடும். சேமிப்பைத் திருடியவனுக்கு 1330 ஊகங்கள் ஒரு பொருட்டே அல்ல. அதிலும் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த ஐந்தாறு குறள்களையே தேர்ந்தெடுப்பார்கள். தேவாரமோ திரைப்பாட்டோ எதுவானாலும் இதே கதைதான். பலருக்கும் தெரிந்த வரி என்பதால்தான் அது நமக்கு நினைவிருக்கிறது. அதே காரணத்தால் அது ஊகிப்பவனுக்கும் கிடைக்கிறது.

பொருளாளரின் யோசனையைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. பிறந்த தேதி நம் தேசிய அடையாள அட்டை எண்ணிலேயே, குடும்பப் பெயரின் முதலெழுத்தை அடுத்து எழுதியிருக்கிறது. தாயாரின் பிறந்தவீட்டுப் பெயரோ, கோயில் வாசலில் இரண்டு பாட்டிமார் பேசிக்கொண்டால் முதலில் வெளிவரும் செய்தி. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2009இல் இத்தகைய கேள்விகளைச் சோதித்தபோது, கடவுச்சொல்லைச் சொல்ல விரும்பாத அளவுக்கே பழகிய அறிமுகக்காரர்களால் 17 விழுக்காடு விடைகளை ஊகிக்க முடிந்தது. அதே வேளை ஆறு மாதத்தில் தம் சொந்த விடைகளிலேயே 20 விழுக்காட்டை மக்கள் மறந்திருந்தார்கள். திருடனுக்கு எளிதாகவும் உரியவருக்குக் கடினமாகவும் இருக்கும் பூட்டை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் எது நினைவில் நிற்கும்? இதற்கு நான் நம்பும் விடை 2014இல் ஜோசப் போனோ, ஸ்டூவர்ட் ஷெக்டர் இருவரும் செய்த ஒரு சோதனையில் இருக்கிறது. முற்றிலும் தற்செயலாக எடுத்த ஆறு சொற்களையோ பன்னிரண்டு எழுத்துகளையோ மனிதரால் நினைவில் வைக்க முடியுமா என்று பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 90 முறை உள்நுழைய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அந்தத் துணுக்குகளைச் சிறிது சிறிதாகத் தட்டச் செய்தார்கள். பங்கேற்றவர்களில் 94 விழுக்காட்டினர் கடைசியில் முழுவதையும் பார்க்காமலே தட்டினார்கள். மனத்தில் பதிவதற்குப் பிடித்தது நடுத்தரமாக 36 உள்நுழைவுகள். குறைந்தது மூன்று நாள் கழித்துக் கேட்டபோதும் 88 விழுக்காட்டினர் பிசகாமல் சொன்னார்கள். சிலேட்டில் அகரத்தின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பழகியது போலத்தான் இதுவும். நன்றாகக் கவனியுங்கள், அவர்களுக்கு உதவியது சொல்லின் அழகு அல்ல, 36 முறை தட்டியது.

உங்கள் பெற்றோர் எத்தனை முறை உள்நுழைகிறார்கள்? சேர்க்கைக்கு ஒருமுறை, சந்தாவுக்கு ஒருமுறை, காவடிக்கு ஒருமுறை. அந்தக் கணக்கில் 36ஐ எட்டப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் பிள்ளை கல்லூரிக்கே போய்விடும். எந்த விதியை வைத்தாலும் அவர்கள் மறப்பார்கள், மறக்கத்தான் வேண்டும். ஆகவே என் ஆலோசனை இது: ஆண்டுக்கு மூன்று முறை வருபவரிடம் கடவுச்சொல்லே கேட்காதீர்கள். வாரந்தோறும் நுழையும் நீங்கள், மற்ற ஆசிரியர்கள், பொருளாளர் ஆகியோருக்கு மட்டும் நல்ல கடவுச்சொல் இருக்கட்டும்.

பெற்றோர் தம் மின்னஞ்சல் முகவரியை மட்டும் தட்டட்டும். தளம் அந்த முகவரிக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அதைத் தொட்டால் கதவு திறக்கும். அந்த இணைப்பு ஒரே முறைக்குத்தான் செல்ல வேண்டும், 15 நிமிடத்தில் காலாவதியாக வேண்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சில அஞ்சல் சேவைகள் தீங்கான இணைப்பா என்று சோதிக்கத் தாமே அதைத் திறந்து பார்க்கும். அப்போதே அந்த ஒருமுறை செலவாகி, உரியவர் தொடும்போது ‘காலாவதி’ என்று வரும். இணைப்பைத் தொட்டதும் நேரே உள்ளே விடாமல், ‘உள்ளே செல்க’ என்ற பொத்தான் உள்ள பக்கத்துக்குக் கொண்டுபோய், அதை அழுத்திய பிறகே செல்லுபடியாக்கினால் இது தீரும். ஒருமுறை நுழைந்த கைப்பேசியைத் தளம் ஓராண்டு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் முகவரியை மாற்றும்போதும் பணம் சம்பந்தப்பட்ட இடத்திலும் மறுபடி இணைப்பு அனுப்ப வேண்டும்.

குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் உரியவர் போல் நடித்து இன்னொரு சிம் அட்டையை வாங்கிவிடும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. தவிர ஒவ்வொரு செய்திக்கும் சங்கம் காசு கொடுக்க வேண்டும். மின்னஞ்சலே இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு உங்கள் மேசையே போதும். முகத்தைப் பார்த்து, அன்று மட்டும் செல்லும் எட்டு இலக்க எண் ஒன்றைத் தளத்திலிருந்து எடுத்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுங்கள். மறுநாள் அந்தச் சீட்டு யார் கையில் கிடைத்தாலும் வெறும் காகிதம்தான். உங்கள் நோட்டுக்கும் இந்தச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வாரந்தோறும் நுழையும் உங்களுக்குக் கடவுச்சொல்லாகச் சொற்றொடரைப் பரிந்துரைக்கிறேன். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இல் வகுத்த டைஸ்வேர் முறை இன்றும் நன்றாக உழைக்கிறது. 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்திலக்க எண் உண்டு; ஐந்து தாயக்கட்டை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். தாயக்கட்டை என்று நான் சொல்வது பிள்ளைகள் விளையாடும் ஆறு முகக் கட்டையை. நான்கு சொல் எடுத்தால் வாய்ப்புகள் சுமார் 3,656 இலட்சம் கோடி. ஐந்து எடுத்தால் அதைப் போல் 7776 மடங்கு. உங்களுக்கு ஐந்து சொல் போதும். நிஸ்ட்டின் 2025 பதிப்பு, கடவுச்சொல் மட்டுமே காவலாக இருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்கிறது. ஐந்து சொல்லில் அது பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

கட்டை உருட்டுவதற்குப் பதிலாக ‘எனக்குத் தோன்றிய ஐந்து சொல்’ என்று யாரும் எழுதக் கூடாது. மனிதருக்குத் தோன்றுபவை எல்லாம் அம்மா, அப்பா, முருகன், கடல், அன்பு என்று ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றும். கட்டை கொடுத்த சொற்களை மாற்றாமல், அவற்றைக் கோத்து ஒரு கதை செய்யுங்கள். ஆமை, கரும்பு, சைக்கிள், குடை, மணி என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கரும்புத் தோட்டத்து மண்பாதையில் ஓர் ஆமை, ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு, மறு கையால் மணி அடித்தபடி சைக்கிளில் போகிறது. நினைத்தாலே சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் வரிசை மறக்காது. இதையே வைத்துக்கொள்ளாதீர்கள், இது அச்சேறிவிட்டது. கதை மனத்தில் தமிழிலோ, நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலோ ஓடட்டும். தட்டும் சொற்கள் மட்டும் எழுத்துக்கூட்டலில் ஐயமே இல்லாத மொழியில் இருக்கட்டும். பிரெஞ்சுப் பட்டியலானால் மேற்குறி உள்ள எழுத்துகள் வரும் சொற்களை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டாம். முருகனுக்கு நேர்ந்த கதி ஆமைக்கும் நேரும்.

நான் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 2012இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, இயந்திரம் கொடுத்த சொற்றொடர்கள் அதே வலுவுள்ள சாதாரணக் கடவுச்சொற்களைவிட எளிதாக நினைவில் நின்றுவிடவில்லை. தட்டுவதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது, பிழையும் கூடியது. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் அதை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் நினைவிலிருந்து தட்டிப் பாருங்கள், சிக்கினால் மட்டும் சீட்டைப் பாருங்கள். எழுதி வைப்பது பாவம் என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் பெயர் பெற்ற புரூஸ் ஷ்னையர் 2005லேயே, எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளும்படி வெளிப்படையாகச் சொன்னார். கண்காணாத நாட்டிலிருந்து ஊகிப்பவனால் உங்கள் பணப்பையைத் திறக்க முடியாது.

தம்பியிடம் சொல்ல வேண்டியவை இன்னும் சில. கடவுச்சொல் கட்டத்தில் நகலெடுத்ததை ஒட்டும் (பேஸ்ட்) வசதியைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் கடவுச்சொல்லைத் தானே நினைவில் வைக்கும் செயலிகள் வேலை செய்யாது. கைப்பேசி தானாக முதல் எழுத்தைக் கேப்பிட்டலாக்கிவிடும், சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்த்துவிடும். தட்டியது பொருந்தாவிட்டால், இந்த இரண்டையும் திருத்தி ஒருமுறை சோதித்துப் பார்க்கும்படி எழுதலாம். இதனால் பாதுகாப்பு குறையாது என்றே சொல்லலாம். புதிய கடவுச்சொல்லை ஏற்கும்போது, அது ஏற்கெனவே களவுபோனவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராய் ஹன்ட் நடத்தும் ஹேவ் ஐ பீன் பவ்ன்ட் சேவை இதை இலவசமாகச் செய்கிறது. முழுச் சொல்லையும் அனுப்ப வேண்டியதில்லை, அரைத்து வந்ததன் முதல் ஐந்து எழுத்தை அனுப்பினால் போதும். அந்த ஐந்தெழுத்தில் தொடங்கும் வரிசை முழுவதும் திரும்பி வரும், பொருத்தம் நம் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். தவறான முயற்சிகள் கூடக்கூடக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள், கணக்கையே பூட்டிவிட வேண்டாம். பூட்டும் வசதி இருந்தால் உங்கள் வகுப்புக் குறும்பன் ஒருவன் தேர்வு நாளன்று உங்களையே வெளியே நிறுத்திவிடுவான். பொருளாளருக்கும் உங்களுக்கும் கைரேகையால் திறக்கும் பாஸ்கீ வசதியைப் பிறகு சேர்க்கலாம். மோசடித் தளத்தில் ஏமாந்து தட்டிவிடும் ஆபத்து அதில் இல்லை. அதை முதல் மாதத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் அரைத்துச் சேமிக்கும் முறை, நிர்வாகப் பக்கத்திலிருந்து கடவுச்சொல் வரிசையை எடுத்துவிடுவது, பழைய காப்புப் பிரதிகளை அழிப்பது ஆகியவை. அடுத்துப் பெற்றோருக்கு இணைப்பு முறை. அது ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள்: “எங்கள் தளத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கே உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.” எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். கிரியோலிலும் ஒரு பத்தி சேர்த்தால் எல்லா வீட்டிலும் படிப்பார்கள். அதுவரை அந்த நோட்டைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல், தாள் தாளாகக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிசைந்துவிடுங்கள்.